பெயர் பெல்லுக்கு; விடை பாஸ்கரருக்கு!

புது தில்லி: பண்டைய இந்திய அறிவு மரபுகளைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை வலியுறுத்தியது. அது முதல், எதை மரபு என ஏற்பது என்ற விவாதம் தொடர்கிறது. மிகைக் கூற்றுகள் மலிந்த இவ்விவாதத்தில், ஐயத்துக்கு இடமின்றி நிற்கும் சான்று ஒன்று உண்டு. எண் கணிதத்தில் 'பெல் சமன்பாடு' எனப்படும் இருபடிச் சமன்பாட்டின் வரலாறே அது.

கணக்கு எளிதாகவே தோன்றும். ஓர் எண்ணின் வர்க்கத்தை 61-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால், கிடைப்பதும் ஒரு முழு எண்ணின் வர்க்கமாக இருக்க வேண்டும். பூஜ்யத்தை விட்டுவிட்டால், இதற்குப் பொருந்தும் மிகச் சிறிய எண் 22,61,53,980. ஒவ்வோர் எண்ணாகச் சோதித்து இதை எட்டுவது இயலாத காரியம்.

பிரான்ஸின் ஃபெர்மா 1657-ல் இத்தகைய கணக்குகளை ஐரோப்பிய அறிஞர்களுக்குச் சவாலாக விடுத்தார். அவற்றில் 61-ம் இருந்தது. இங்கிலாந்தின் பிரௌங்கர் தீர்க்கும் வழியைக் கண்டார். பின்னர் ஆய்லர் அப்பெருமையைத் தவறுதலாக ஜான் பெல்லுக்கு அளிக்க, அப்பெயரே நிலைத்துவிட்டது.

500 ஆண்டுகள் முன்னதாக...

ஆனால், இதே 61-க்கான விடை, இரண்டாம் பாஸ்கரர் 1150-ல் இயற்றிய 'பீஜகணித'த்திலேயே உள்ளது. அதற்கு அடித்தளமிட்டவர் பிரம்மகுப்தர். இரு தோராய விடைகளை இணைத்துப் புதிய விடை காணும் விதியை அவர் 628-ல் வகுத்தார். 61-க்குப் பதிலாக 92-ஐ எடுத்துக்கொள்வோம். 10-ன் வர்க்கம் 100. அது 92-ஐ விட 8 அதிகம். 1 அதிகமாக இருக்க வேண்டிய இடத்தில் 8 உள்ளதால் இது தோராய விடை. இதை அதனோடே இணைத்துச் சுருக்கி, மீண்டும் இணைத்தால் சரியான விடை கிடைக்கிறது: 120-ன் வர்க்கத்தை 92-ஆல் பெருக்கி 1 கூட்டினால் 1151-ன் வர்க்கம். இதை ஓராண்டுக்குள் தீர்ப்பவரே கணிதர் என்றார் பிரம்மகுப்தர்.

எல்லா எண்களுக்கும் இது உடனே கைகொடுக்காது. சுற்றுக்குச் சுற்று உபரியைக் கட்டுக்குள் வைத்து, இறுதியில் 1-க்குக் கொண்டு வருவதே பாஸ்கரர் விளக்கிய 'சக்ரவாள' முறை. அதை அவரும் தமது கண்டுபிடிப்பாகக் கூறவில்லை. ஜெயதேவர் என்பவரின் சூத்திரங்களை 1073-ம் ஆண்டு உரை ஒன்று மேற்கோள் காட்டுவதை, லக்னோ பல்கலைக்கழகத்தின் கே.எஸ். சுக்லா 1954-ல் வெளிக்கொணர்ந்தார்.

நிரூபணம் வந்தது மைசூரிலிருந்து

இந்நூல்களை கோல்புரூக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது 1817-ல்தான். எனவே, ஐரோப்பியர் இதைக் களவாடினர் என்பதற்கு ஆதாரமில்லை. வர்க்கமல்லாத எந்த எண்ணுக்கும் விடை உண்டு என 18-ம் நூற்றாண்டில் முதலில் நிரூபித்தவரும் லக்ராஞ்ச்தான். சக்ரவாள முறை தவறாமல் விடையில் முடியும் என்பதை 1929-30-ல் நிறுவியவர், மைசூரில் பணியாற்றிய ஏ.ஏ. கிருஷ்ணசுவாமி அய்யங்கார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜனின் தந்தை இவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த உரிமையை இன்று உலகக் கணித வரலாறு ஏற்பதற்குக் காரணம், ஆண்டு தெரிந்த நூலும், எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குமே. மரபுக்குப் பாடப் புத்தகத்தில் இடம் தேடுவோர், சுக்லா போல் சுவடி தேடுவோருக்கும் அய்யங்கார் போல் நிரூபிப்போருக்கும் முதலில் வழி செய்ய வேண்டும்.