தில்லிக் குளிரும் நம் நுரையீரலும்

தீபாவளி கழிந்த கையோடு தில்லியில் இருமல் கேட்காத வீடு அரிது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். குளிரைவிடக் காற்றுக்கே இதில் பங்கு அதிகம்.

நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. அடியிலுள்ள உதரவிதானம் கீழே இறங்க, விலா எலும்புகள் விரிய, காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 தடவை! மூச்சுக்குழல் கிளை கிளையாகப் பிரிந்து, கோடிக்கணக்கான நுண்ணறைகளில் போய் முடிகிறது. பிராணவாயு இரத்தத்தில் கலப்பது அங்கேதான்.

வழியில் காவல் பலமானது. பெரிய தூசியை மூக்கே பிடித்துவிடும். தப்பியது மூச்சுக்குழலின் சளியில் ஒட்டிக்கொள்ள, அங்குள்ள நுண்ணிய மயிரிழைகள் அலையலையாக அசைந்து அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். (சிகரெட் புகை முடக்குவது இவற்றைத்தான்.) ஆனால் 2.5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள், அதாவது தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு உள்ளவை, காவலைத் தாண்டி நுண்ணறைவரை போய்விடுகின்றன. வாகனப் புகை, பட்டாசு, வயலில் எரிக்கும் வைக்கோல் எல்லாவற்றிலும் இவை உண்டு. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக்காற்று மூடிபோல் படிவதால் புகை மேலெழ வழியில்லை. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2002 இறுதிக்குள் நகரப் பேருந்துகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறிய பிறகும் தொல்லை தீரவில்லை.

ஆகவே இந்த மாதங்களில் விடியற்கால நடை வேண்டாம். வெயில் ஏறிய பின் நடக்கலாம். தாத்தாக்களிடம் இதைச் சொல்லி ஜெயிப்பது கடினம்தான்! மப்ளர் நுண்துகளைத் தடுக்காது. முகத்தில் படிந்து பொருந்தும் என்-95 முகக்கவசம் தடுக்கும். கைக்குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது நம் வழக்கம். ஊரில் முற்றம் இருந்தது. இங்கே ஜன்னல் அடைத்த இரண்டு அறை. துண்டால் துவட்டினாலே போதும். மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துத் தூங்குவதோ உயிருக்கே ஆபத்து.

இழுப்பு உள்ள குழந்தைக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதினால், "பழகிவிடும், மாத்திரை கொடுங்கள்" என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய. கணக்கைப் பாருங்கள். சால்புடமால் மாத்திரை 2 அல்லது 4 மில்லிகிராம், உடம்பெல்லாம் சுற்றுகிறது. இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். சிறிய மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு, அதுவும் நேரே மூச்சுக்குழலுக்கு. படபடப்பும் கைநடுக்கமும் குறைவு. சிறுவர்களுக்கு ஸ்பேஸர் குழாயைப் பொருத்திக் கொடுத்தால் மருந்து வாயிலேயே தங்கிவிடாது.

இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் வேறு. எடுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும். "குழந்தை நன்றாகத்தானே இருக்கிறான்" என்று டாக்டரைக் கேளாமல் அதை நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பதே அதனால்தான். பேச்சை முடிக்க முடியாமல் திணறினாலோ, மூச்சிழுக்கும்போது விலா இடுக்கில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.