பகலுணவுக்குப் பறப்போர்

ஒரு வேளை உணவுக்காக நூறு கல் தொலைவு பறந்து சென்று, உண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவோர் உளர் எனின் கேட்போர்க்கு நகைப்பே தோன்றும். அதிலும் அவர்கள் ஏறிச் செல்லும் விமானம் கம்பெனியில் வாங்கியதன்று. தம் வீட்டுக் கொட்டகையில் தாமே தட்டிப் பொருத்தியது. அமெரிக்காவில் இத்தகையோர் பல்லாயிரவர். பால் பொபெரெஸ்னி என்பவர் 1953இல் விஸ்கான்சின் மாநிலத்தில் அவர்களுக்கென ஒரு சங்கம் கண்டார். அதன் ஆண்டு விழா 1970இல் ஆஷ்காஷ் நகருக்கு இடம் பெயர்ந்து இன்று பெருந்திருவிழாவாக விளங்குகிறது. ஆயினும் விடுமுறை நாளில் ஐந்தாறு பேர் ஏதேனும் ஒரு சிறு திடலில் இறங்கிக் கூடியுண்பதே அவர்களுக்கு உயிர். அந்த உணவை ‘நூறு டாலர் ஹாம்பர்கர்’ என்று அவர்களே கேலியாகக் கூறுவர். ரொட்டிக்குச் சில டாலர், மற்றதெல்லாம் பெட்ரோலுக்கு.

இதனைச் செல்வர் விளையாட்டு என்று தள்ளிவிடலாகாது. தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பெரும்பகுதியைத் தாமே செய்தவரின் விமானத்துக்குத்தான் ‘சொந்தக் கட்டுமானம்’ என்ற உரிமையை அந்நாட்டுச் சட்டம் வழங்குகிறது. வானூர்திச் சட்டத்தில் கல்வி என்ற சொல் இடம் பெற்றிருப்பது ஆசிரியர்கள் கருதத் தக்கது. கட்டி முடித்ததும் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம், குறித்த எல்லைக்குள், பயணி எவரையும் ஏற்றாமல் பறந்து சோதிக்க வேண்டும். அதன் பின்னரே விருந்து.

விருந்தில் முதலில் திறக்கப்படுவது உணவுப் பொட்டலமன்று, எஞ்சின் மூடி. ஒருவர் தறையாணிகளை விரலால் தடவிப் பார்ப்பார். மற்றொருவர், “பெட்ரோல் குழாய் புகைக்குழாய்க்கு இவ்வளவு அருகில் போகலாமா?” என்பார். ஆலை விமானத்தைச் சோதிக்க ஆலையிலேயே ஆட்கள் உண்டு. சொந்த விமானத்தை நாள்தோறும் பார்ப்பவை அதைச் செய்தவனின் கண்களே. தான் எழுதிய கட்டுரையை மாணவன் பத்து முறை படித்தாலும் தன் எழுத்துப் பிழை அவனுக்குப் புலப்படுவதில்லை. அடுத்த பலகையில் இருப்பவன் ஒரு நொடியில் காட்டிவிடுகிறான். வானத்தில் அப்பிழைக்கு விலை உயிர். ஆதலால் அந்தப் பகலுணவு ஒரு வகையில் வகுப்பறையே.

தமிழகத்தில் இக்கலையின் முன்னோடி ஓர் உணவு விடுதிக்காரர் என்பது சுவையான செய்தி. சென்னை மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய ஜாக்கமோ டி ஆஞ்செலிஸ், தாமே வகுத்த விமானத்தைச் சிம்சன் கம்பெனி வண்டிப் பட்டறையில் செய்வித்து, 1910இல் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். உணவுக்கு அவரிடம் குறைவில்லை. மூடியைத் திறந்து காட்டத்தான் சென்னையில் இன்னொரு விமானக்காரர் இல்லை.

விமானமும் நண்பரும் மட்டும் இருந்தாற் போதுமா? இறங்கத் திடல் வேண்டும். சிங்கப்பூரில் அத்தகைய திடல் தமிழர் நடமாட்டம் மிகுந்த சிராங்கூன் சாலைக்கு அருகிலேயே இருந்தது. பேரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில்தான் 1911 மார்ச் 16ஆம் நாள் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்னும் பெல்ஜியர் இத்தீவில் முதன்முதலாக விமானம் ஓட்டினார். 1919 டிசம்பர் 4ஆம் நாள், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ராஸ் ஸ்மித் குழுவினர் தம் விமி விமானத்தை அதே திடலில் இறக்கினர். அது வீட்டில் கட்டியதன்று. இரட்டை எஞ்சின் பூட்டிய போர் விமானம். திடலோ அதற்குச் சிறிது. இறங்கும் வேளையில் பென்னட் என்னும் பொறிவினைஞர் இருக்கையை விட்டெழுந்து, விமானத்தின் முதுகின்மேல் வழுக்கிக்கொண்டே வால்வரை சென்றார். அவர் பாரத்தால் வால் தாழ, விமானம் ஏறக்குறைய 100 கெஜத்தில் நின்றது. அப்பக்கத்து ரேஸ்கோர்ஸ் சாலையில் இன்று வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெயர் போன பகுதி உண்டு. இலை முன் அமர்வோரில் இதனை அறிந்தவர் சிலரே.

1928இல் தோன்றிய சிங்கப்பூர் விமானக் கழகம் மிதவை பொருத்திய சிறு விமானங்களைக் கொண்டு கடல் நீரிலிருந்தே பறந்தது. குதிரைப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போயிற்று. காலாங் விமான நிலையம் 1937இல் திறக்கப்பட்டு, 1955இல் பாய லேபாருக்கு வழிவிட்டது. பேரர் பார்க் திடலில் ஒரு பகுதி அண்மையில் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டது. வீடு வேண்டுவோர் பலராயிருக்கையில் அதைக் குறை கூறுதல் முறையன்று.

தீவின் நீளம் ஏறக்குறைய 30 கல். மணிக்கு 150 கல் செல்லும் சிறு விமானம் பன்னிரண்டு நிமிடத்தில் மறுகரையைக் கடந்துவிடும். அதற்கப்பால் வேற்று நாடு. விருந்துக்குப் போகிறவர் கடவுச்சீட்டும் எடுத்துச் செல்ல வேண்டும். சிறு விமானங்களுக்குச் சிலேத்தார் நிலையம் உண்டு. சிங்கப்பூர் இளையர் விமானக் கழகம் அங்கேதான் மாணவர்க்குப் பறக்கக் கற்பிக்கிறது, ஆலையில் செய்த விமானங்களில். தறையாணி அடிக்கவும், அடித்ததைத் தோழன் கண்ணுக்குக் காட்டவும் கற்பதற்கோ ஓடுபாதை வேண்டியதில்லை. பள்ளியின் பட்டறையே போதும்.