ஆயில் இஞ்சினுக்குப் புங்க எண்ணெய் ஊற்றலாமா?



டீசல் விலை ஏறும்போதெல்லாம் குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வரும். "ஏங்க்கா, புங்க எண்ணெயில இஞ்சின் ஓடுமாமே? நாமளும் ஊத்திப் பார்க்கலாமா?" செங்கல்பட்டுப் பக்கம் கழனிக்குத் தண்ணி இறைக்க ஆயில் இஞ்சின். மாமல்லபுரம் கரையோரம் படகுக்கு இஞ்சின். டீசல் செலவு எல்லார் வீட்டிலும் இடிக்குது. அதனால் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம்.

ஓடுமா?

ஓடும். டீசல் இஞ்சினைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அந்த வகை இஞ்சின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது.

அப்படியே ஊற்றலாமா?

கூடாது. தாவர எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்கு வரை கெட்டி. இஞ்சினுக்குள் டீசல் புகை மாதிரி பொடித்தூறலாக விழுந்தால்தான் முழுதாக எரியும். கெட்டி எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழும், அரைகுறையாக எரியும். நாசிலில் கரி அடைக்கும். எரியாத எண்ணெய் இஞ்சின் ஆயிலில் கலந்து பிசினாகும். முதல் சில நாள் நன்றாக ஓடுகிற மாதிரிதான் தெரியும். பிறகு இஞ்சின் நின்றுவிடும். கழனியில் நின்றால் பழுது பார்க்கிற செலவு. நடுக்கடலில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் எண்ணெயை மெத்தனால், காஸ்டிக் சோடா சேர்த்துச் சூடாக்கி, கிளிசரினைப் பிரித்து, 'பயோடீசல்' ஆக்குகிறார்கள். மெத்தனால் விஷம், சட்டென்று தீப்பிடிக்கும். வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லீங்க.

நம்மைப் போன்ற பெண்கள் செய்தது

இன்றைய தெலங்கானாவில், அன்று ஆந்திராவின் ஆதிலாபாத் மாவட்டத்தில் இருந்த சிற்றூர் பவர்குடா. அங்கே பழங்குடிப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் புங்கமரம் வளர்த்து, விதை சேர்த்து, ஊரிலேயே எண்ணெய் மில் நடத்தின. 10 வருடத்தில் அவர்களின் எண்ணெய் டீசலுக்குப் பதிலாக எரிந்தால் 147 டன் கரியமில வாயு குறையும் என்று கணக்குப் போட்டு, உலக வங்கி 2003-ல் 645 டாலர் கொடுத்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 29 ஆயிரம் ரூபாய்.

காட்டாமணக்கில் கற்ற பாடம்

அதே 2000-களில் காட்டாமணக்கு நடச் சொல்லி அரசே ஊக்கம் கொடுத்தது. தண்ணியில்லாத நிலத்திலும் காய்க்கும் என்றார்கள். எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. தமிழ்நாட்டில் நட்ட பலர் பிடுங்கிப் போட்டார்கள். அதன் விதையைத் தின்ற குழந்தைகளுக்கு வாந்தி, பேதி வரும். ஆகவே யாராவது "எண்ணெய்ச் செடி நடுங்க, வாங்கிக்கிறோம்" என்று வந்தால், எழுத்தில் இல்லாமல் குழுக் கடன் எடுக்காதீர்கள்.

நம்மால் ஆவது என்ன?

புங்கமரம் நம் ஊரில் ஏற்கெனவே நிற்குது. ஏரிக்கரை, சாலையோர மரமென்றால் ஊராட்சியிடம் முதலில் அனுமதி கேளுங்கள். கோடையில் காய் பொறுக்கி, காயவைத்து, தோல் நீக்கி மில்லில் ஆட்டினால், நாலு கிலோ பருப்புக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய், மூணு கிலோ புண்ணாக்கு கிடைக்கும். புண்ணாக்கு வயலுக்கு நல்ல உரம். மாட்டுக்குப் போடாதீர்கள். எண்ணெயை சோப்புச் செய்பவர்கள் வாங்குவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு: பொறுக்கின கூலி, மில் கூலி, வண்டிச் செலவு எல்லாம் கூட்டுங்கள். எண்ணெய், புண்ணாக்கு விற்ற பணத்தில் அதைக் கழியுங்கள். மீதி நின்றால் அது நம் வருமானம். லிட்டருக்கு டீசலைவிட அதிக விலை கிடைத்தால், அந்த எண்ணெயை இஞ்சினில் ஊற்றி எரிப்பது நஷ்டம்தானே?

முதல் வருடம் கடன் வாங்காமல் ஒரு மூட்டை ஆட்டிப் பாருங்கள். வரவு செலவைக் குழு நோட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.