வாயில்லா ஜீவனுக்குத் தொண்டு

ஐதராபாத் நகரில் தார்நாகா என்ற பகுதி இருக்கிறது. எல்லா ஊரையும் போல அங்கும் தெருநாய்கள் உண்டு. வண்டியில் அடிபட்ட நாயை யார் பார்ப்பது?

அதே நகரில் புளூ கிராஸ் என்ற விலங்குகள் காப்பகம் உள்ளது. திரைப்பட நடிகை அமலா இதை 1992ஆம் ஆண்டில் தொடங்கினார். சென்னைப் புளூ கிராஸ் இன்னும் பழையது. அது 1959இல் தோன்றியது.

காப்பகத்துக்குத் தொண்டர்கள் தேவை. கூண்டைக் கழுவ வேண்டும். சோறும் தண்ணீரும் வைக்க வேண்டும். மருந்து போடும்போது நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குக் கூலி இல்லை. ஆனால் பலன் உண்டு. பயந்த நாய் எது, கடிக்க வரும் நாய் எது என்று தெரிந்துகொள்ளலாம். அதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாம்.

இன்னொரு பலன் ஊருக்கே கிடைக்கிறது. வெறிநோய் மனிதருக்குப் பெரும்பாலும் நாய்க்கடியால்தான் வருகிறது. நோய் முற்றினால் பிழைப்பது அரிது. 100 நாய்களில் 70 நாய்களுக்காவது ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நோய் பரவாது. நாய்களைப் பிடித்து ஊசி போடப் பல கைகள் வேண்டும்.

தொண்டு செய்வோர் முன்னதாகவே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாயைக் காத்தால் நம் தெருவையும் காக்கிறோம்.