காணாத கோளுக்கு என்ன சாட்சி?

51 பெகாசி என்ற நட்சத்திரம் நம்மிடமிருந்து சுமார் 50 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. பிரான்சின் ஓத்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் மிஷேல் மயோரும் தீதியே கெலோவும் அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். நட்சத்திரம் நம் பக்கம் வருவதும் விலகுவதுமாக 4.2 நாளுக்கு ஒருமுறை தவறாமல் ஆடிக்கொண்டிருந்தது. வேகம் வினாடிக்கு 60 மீட்டருக்கும் குறைவு. வியாழனின் நிறையில் பாதியளவாவது கொண்ட ஏதோ ஒன்று அதை இழுக்கிறது என்றது கணக்கு. 1995-இல் அதைக் கோள் என்று அறிவித்தார்கள். ஆனால் கோளை யாரும் பார்க்கவில்லையே, எப்படி நம்புவது? வேறு வேறு வழியில் எடுத்த இரண்டு அளவீடுகள் ஒரே விடையைச் சொன்னால், கண்ணால் கண்டதைப் போலவே அதை நம்பலாம் என்பது என் வாதம்.

அன்று எழுந்த சந்தேகங்கள் வலுவானவை. நட்சத்திரமே துடிக்கிறதோ என்னவோ! கோள் இழுத்தால் நிறமாலைக் கோடு அப்படியே இடம் பெயரும்; நட்சத்திரம் துடித்தால் கோட்டின் வடிவமே மாறும். அப்படி மாறுவதாக 1997-இல் டேவிட் கிரே எழுதினார். கோள் வாதமே ஆட்டம் கண்டது. மறு ஆண்டு, கூடுதல் துல்லியத்தோடு அளந்து, மாற்றம் ஏதும் தென்படவில்லை என்று அறிவித்தவரும் அதே கிரேதான். அறிவியலின் நேர்மைக்கு நான் மிகவும் மதிக்கும் உதாரணம் இது. அதன் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. ஆட்டத்தை வைத்துக் குறைந்தபட்ச நிறையைத்தான் சொல்ல முடியும். சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டிலிருந்து மிகவும் சாய்ந்திருந்தால் அந்தப் பொருள் கோளைவிடப் பல மடங்கு கனமாக இருக்கலாம்.

அதற்கான பதில் 1999-இல், எச்டி 209458 என்ற இன்னொரு நட்சத்திரத்திடமிருந்து கிடைத்தது. அதன் ஆட்டத்தை வைத்து, கோள் எப்போது நமக்கும் நட்சத்திரத்துக்கும் குறுக்கே வரக்கூடும் என்று கணிக்க முடிந்தது. சரியாக அந்த வேளையில் ஒளி சுமார் 1.5 விழுக்காடு மங்கியது. டேவிட் சார்போனோவின் குழுவும் கிரெகரி ஹென்றியின் குழுவும் தனித்தனியே இதைப் பதிவு செய்தன. குறுக்கே கடக்கிறது என்றால் சாய்வு தெரிந்துவிடும், உண்மையான நிறையும் தெரிந்துவிடும். மங்கிய அளவு குறுக்களவைத் தரும். நிறை வியாழனில் ஏறக்குறைய 0.7 பங்கு, குறுக்களவோ வியாழனைவிடப் பெரிது. அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு! வாயுக் கோள் தவிர வேறெதுவும் இதற்குப் பொருந்தாது. அந்தக் கோளின் வளிமண்டலத்தில் சோடியம் இருப்பதையும் ஹபிள் தொலைநோக்கி வழியே கண்டறிந்து 2002-இல் வெளியிட்டார்கள்.

சில நாளில் ஒரு சுற்று முடிக்கும் அளவுக்கு நட்சத்திரத்தை ஒட்டி, அந்த வெப்பத்தில், வாயுக் கோள் எப்படி உருவாகும் என்பது கடைசி ஆட்சேபம். தொலைவில் உருவாகி உள்ளே நகர்ந்திருக்கலாம் என்பதே பலர் ஏற்கும் விளக்கம். எந்த வழியில் நகர்ந்தது என்பதில் இன்னும் விவாதம் உண்டு. பிறப்பு புரியவில்லை என்பதால் அளந்த நிறை பொய்யாகிவிடாது. இத்தகைய கோள்கள் சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் நூற்றுக்கு ஒன்றில்கூட இருப்பது அரிது. ஆனாலும் முதலில் சிக்கியவை அவையே, ஏனென்றால் அவைதான் நட்சத்திரத்தை வேகமாகவும் அடிக்கடியும் ஆட்டுகின்றன. நம் வியாழன் சூரியனை ஆட்டுவது வினாடிக்கு 12.5 மீட்டர்தான், ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 12 ஆண்டு. நெருங்கிச் சுற்றும் பெருங்கோள்களைத் தேடலாம், ஆட்டத்தாலும் ஒளி மங்குவதாலும் பிடிக்கலாம் என்று ஓட்டோ ஸ்ட்ரூவ 1952-லேயே எழுதியிருந்தார். பெருங்கோள் என்றால் தொலைவில்தான் இருக்கும் என்று பலரும் நினைத்திருந்ததால், அந்த யோசனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கவனிப்பாரற்றுக் கிடந்தது.