நெருப்புக்கு ஈடுகொடுத்த நிறங்கள்

சீனப் பீங்கானில் எந்த நிறம் நிற்கும் என்பதைச் சூளையின் வெப்பம்தான் தீர்மானித்தது. ஜியாங்ஷி மாகாணத்து ஜிங்தெசென் நகரச் சூளைகளில் பீங்கான் சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் வெந்தது. அந்தச் சூட்டைத் தாங்கி ஓவியத்துக்கு உதவியவை முக்கியமாக இரண்டு: கோபால்ட் தரும் நீலம், செம்பு தரும் சிவப்பு. சுடாத பாத்திரத்தில் இவற்றால் வரைந்து, மேலே மெருகுப் பூச்சு கொடுத்துச் சுடுவார்கள். ஓவியம் கண்ணாடி போன்ற மெருகுக்கு அடியில் இருப்பதால் எவ்வளவு புழங்கினாலும் தேயாது.

நீல ஓவியப் பீங்கான் 14ஆம் நூற்றாண்டில், மங்கோலியரின் யுவான் ஆட்சியில் செழித்தது. அதற்குப் பாரசீகத்திலிருந்து கோபால்ட் வந்தது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் ஜாடிகள் 1351ஆம் ஆண்டைச் சேர்ந்தவை என்பதை அவற்றில் எழுதியிருக்கும் தேதியே சொல்கிறது. செம்பு அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. சூளைக்குள் காற்று சற்றே கூடினாலும் சிவப்பு மங்கிச் சாம்பல் படர்ந்துவிடும்.

மற்ற நிறங்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. ஈயம் கலந்த கண்ணாடித் தூளில் உலோக ஆக்சைடுகளைச் சேர்த்து எனாமல் செய்து, சுட்டு முடித்த மெருகின் மேல் தீட்டி, 700 முதல் 850 டிகிரிக்குள் மறுபடி சுட்டார்கள். இரண்டு முறைகளும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்ததுதான் தோவ்ட்சாய் பாணி. மிங் பேரரசர் செங்ஹுவா காலத்தில் (1465–1487) அது உச்சம் தொட்டது. அக்காலத்துக் ‘கோழிக் கிண்ணம்’ உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். சேவல், பெட்டை, குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் மெருகுக்கு அடியில் மெல்லிய நீலக்கோடு. அந்தக் கோட்டுக்குள் மேலிருந்து நிரப்பிய சிவப்பு, மஞ்சள், பச்சை. இரு சூடுகளுக்கு இடையே இவ்வளவு துல்லியம் கூடியது வியப்புக்குரியது. இவற்றில் ஒன்று 2014இல் ஹாங்காங் ஏலத்தில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் விலைபோனது. செங்ஹுவாவுக்கு அடுத்த நூற்றாண்டில் பரவிய வூட்சாய் பாணி தோவ்ட்சாயைவிட அடர்த்தியானது. அதில் நீலம் கோடாக மட்டும் நிற்காமல் ஒரு முழு நிறமாகவே இடம்பிடித்தது.

கான்ஷி பேரரசர் காலத்தில் (1661–1722) நீலத்தையும் எனாமலாக மேலே தீட்டக் கற்றுக்கொண்டார்கள். செம்பின் பச்சைகள் ஆட்சி செய்த இந்தப் பாணியைப் பிரெஞ்சு ஆய்வாளர் ஆல்பெர் ழாக்மார் 19ஆம் நூற்றாண்டில் ‘பச்சைக் குடும்பம்’ என்று அழைத்தார். இதன் எனாமல்கள் ஒளி ஊடுருவும் தன்மை கொண்டவை. இரும்பின் சிவப்பு மட்டும் பளபளப்பின்றிப் படிந்திருக்கும். நாடக, நாவல் காட்சிகளைக் கறுப்புக் கோடுகளால் வரைந்து வண்ணம் நிரப்பினார்கள். ஆனால் ஒரே நிறத்தைக் கருமையிலிருந்து வெளிர்வரை படிப்படியாகக் குறைக்க முடியவில்லை.

அந்தக் குறையை 1720களில் எழுந்த ‘இளஞ்சிவப்புக் குடும்பம்’ தீர்த்தது. அதன் இளஞ்சிவப்பு நிறம் கண்ணாடிக்குள் மிக நுண்ணிய துகள்களாகக் கலந்த தங்கத்தால் வருவது. கூடவே ஆர்செனிக் சேர்த்த, ஒளி ஊடுருவாத வெள்ளையும் கிடைத்தது. தாமரை இதழின் நுனியில் ஆழ்ந்த சிவப்பு வைத்து, அடியை நோக்கி வெள்ளையைக் கலந்து தணிக்க முடிந்தது. கோட்டுக்குள் நிறம் நிரப்பும் வேலையாக இருந்த எனாமல் ஓவியம் இதற்குப் பிறகே தூரிகை ஓவியத்துக்கு இணையான நளினம் பெற்றது. பெய்ஜிங் அரண்மனைப் பட்டறையில் ஐரோப்பியப் பாதிரியார்களும் பணிபுரிந்த காலம் அது. ஜிங்தெசென்னிலிருந்து வெள்ளைப் பாத்திரங்களைத் தருவித்து அங்கேயே எனாமல் தீட்டினார்கள்.

18ஆம் நூற்றாண்டில் குவாங்சோ துறைமுகப் பட்டறைகளும் வெள்ளைப் பாத்திரங்களை வாங்கி, ஐரோப்பியக் குடும்பங்களின் சின்னங்களைத் தீட்டி ஏற்றுமதி செய்தன. அவற்றின் எனாமல் மெருகுக்கு மேலே இருப்பதால் கத்தியும் கரண்டியும் பட்டுத் தேய்ந்துபோன தட்டுகள் பல உண்டு. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் எனாமல் வண்ணம் மெருகிலிருந்து சற்றே மேடிட்டிருப்பது தெரியும். நீல ஓவியத்தில் அந்த மேடு இருக்காது.