கடல் கடந்தால் கரையும் காசு: செல்போன் செலவைக் குறைக்கும் வழிகள்

தாராவி, சயான், செம்பூர்ப் பகுதித் தமிழர்களுக்கு "ரோமிங்" என்ற சொல் புதிதல்ல. ஊரில் வாங்கிய சிம்முடன் மும்பைக்கு வந்தால், வருகிற அழைப்புக்கும் காசு கழிந்த காலம் ஒன்று உண்டு. நாட்டுக்குள் அந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது. ஆனால் பிழைப்புக்காக வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறவர்களுக்கு அது இன்னும் தீரவில்லை.

துபாயில் இறங்கியதும் நம் சிம், அந்நாட்டுக் கம்பெனியின் கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கம்பெனி கேட்கும் கூலியும் நம் கம்பெனியின் லாபமும் சேர்ந்து நம் தலையில் விழுகின்றன. பேசினால்தானே செலவு என்று எண்ணுவது தவறு. சட்டைப் பையில் சும்மா கிடக்கும்போதே போன் வாட்ஸ்அப் படங்களை இறக்கும், செயலிகளைப் புதுப்பிக்கும். ரோமிங் பேக் போடாமல் "டேட்டா ரோமிங்" திறந்திருந்தால், மாதக் கடைசியில் பில் கட்டுகிறவருக்கு முதல் மாதச் சம்பளத்திலேயே துண்டு விழக்கூடும்.

புறப்படும் முன்

விமானம் ஏறும் முன்பே "டேட்டா ரோமிங்"கை அணைத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில், ரோமிங்கின்போது படங்கள் தானாக இறங்குவதை நிறுத்த வசதி உண்டு. போகிற ஊரின் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், அங்கே வழி தேட டேட்டா செலவாகாது. பறக்கும்போது போன் விமான நிலையிலேயே இருக்கட்டும். சில விமானங்களிலும் செல்போன் இணைப்பு உண்டு. அதன் கட்டணம் தரையில் உள்ளதைவிட அதிகம்.

போன பின்

ஓரிரு நாள் பயணம் என்றால் ரோமிங் பேக் போதும். அதன் நாள் கணக்கையும் டேட்டா அளவையும், எந்தெந்த நாடுகளில் செல்லும் என்பதையும் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு அந்த நாட்டு சிம்தான் லாபம். போனில் இரண்டு சிம் போட இடமிருந்தால் டேட்டாவுக்கு உள்ளூர் சிம், வங்கியின் ஓ.டி.பி. வருவதற்கு இந்திய சிம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

தங்குமிடத்தில் வைஃபை இருந்தால் சினிமா பார்ப்பதை அதற்கு ஒதுக்கலாம். உயர்தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் 3 ஜி.பி. வரை போய்விடும். ஆனால் பலர் பயன்படுத்தும் பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்காமல் இருப்பது நல்லது.

வீட்டாருடன் பேசுவதற்கும் நாட்டுக்கு நாடு விதி வேறு. சவூதி அரேபியா, இணையவழிப் பேச்சுக்கு இருந்த தடையை 2017-இல் தளர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அரசு அனுமதித்த செயலிகளில் மட்டுமே பேசலாம். குறுக்கு வழி தேடி அபராதம் கட்டினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

எண்ணை இழக்காதீர்

எல்லாவற்றிலும் பெரிய நஷ்டம், சிக்கனம் என்று இந்திய எண்ணை அடியோடு மறந்துவிடுவதுதான். ப்ரீபெய்டு எண் 90 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். பிறகு அது வேறொருவர் கைக்குப் போகலாம். வங்கிக் கணக்கும் ஆதாரும் அந்த எண்ணோடு இணைந்திருந்தால், ஊருக்கு அனுப்பிய பணத்தைக் கையாளவே அல்லாட நேரும். எனவே சிறு தொகைக்காவது ரீசார்ஜ் செய்து எண்ணைக் காப்பாற்றி வர வேண்டும். வெளிநாட்டில் ஓ.டி.பி. வருவதற்கான ரோமிங் வசதியையும் இந்தியாவில் இருக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கடன்பட்டு விமானம் ஏறுகிறவர் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பத்து முறை சரிபார்க்கிறார். செல்போனையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டால், முதல் சம்பளம் முழுசாக வீடு வந்து சேரும்.